வலி மருந்து ஆய்வுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மருத்துவ ஆய்வுகளில் சேர வருகிறவர்களுக்கு ஒப்புதல் படிவத்தைத் தமிழில் படித்துக் காட்டி விளக்குவது சில ஆண்டுகளாக என் வேலை. மூட்டுத் தேய்மானம், சர்க்கரை நோயால் வரும் கால் எரிச்சல், அறுவைக்குப் பிந்தைய வலி, புற்றுநோய் வலி என்று நோய் எதுவானாலும், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்ததும் அவர்களும் உடன் வந்தவர்களும் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றைக் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன். இன்ன மருந்தை வாங்கிச் சாப்பிடலாம் என்று சொல்லும் பக்கம் இது அன்று. அதை உங்களைப் பார்க்கும் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

வலியை அளக்க மெஷின் ஏதாவது இருக்கா? ஸ்கேன்ல தெரியுமா?

இல்லை. காய்ச்சலுக்கு வெப்பமானி இருப்பதுபோல வலிக்கு ஒரு கருவி இன்றுவரை கிடையாது. ஸ்கேனில் தெரிவது தேய்மானம், பிதுக்கம், வீக்கம் போன்றவையே. எக்ஸ்ரேயில் முழங்கால் மோசமாகத் தேய்ந்திருந்தும் வலியில்லாமல் நடக்கிறவர்கள் உண்டு. படம் சுத்தமாக இருந்தும் படியேற முடியாதவர்களும் உண்டு. சர்வதேச வலி ஆய்வுக் கழகம் 1979-இல் வெளியிட்ட வரையறை வலியை ஓர் அனுபவம் என்றே குறிப்பிட்டது. 2020-இல் அதைத் திருத்தியபோது, தனக்கு வலிக்கிறது என்று ஒருவர் சொன்னால் அந்தச் சொல்லுக்கு மதிப்புக் கொடுக்க வேண்டும் என்பதையும் குறிப்பாகச் சேர்த்தது.

ஆகவே ஆய்வுகளில் அளவுகோல் என்பது நோயாளியின் வாய்ச்சொல்தான். வலியே இல்லையென்றால் 0, நினைத்துப் பார்க்கக்கூடிய மிக மோசமான வலி என்றால் 10. கடந்த 24 மணி நேரத்தில் சராசரியாக எவ்வளவு இருந்தது என்பதை நாள்தோறும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் குறிப்பேட்டில் எழுதச் சொல்வார்கள்.

எளிதாகத் தோன்றும் இந்த எண்தான் எங்களுக்குப் பெரும் பாடு. வயல் வேலை செய்த ஒரு மூதாட்டி, எண் கேட்டபோது, "நேத்து முழு ரூபா, இன்னைக்குப் பன்னெண்டணா" என்றார். அவர் சொன்னதில் குழப்பம் எதுவும் இல்லை. ஆனால் படிவத்தில் அணாவுக்கு இடமில்லை, அதை நானாக ஏழு என்றோ எட்டு என்றோ மாற்றி எழுதவும் விதி இடம் தராது. பயிற்சியின்போது பத்துப் புளியங்கொட்டைகளை மேசையில் வரிசையாக வைத்துக் காட்டிய பிறகு அவருக்கு அளவுகோல் பிடிபட்டது. அதற்குப் பின் தயங்காமல் எண் சொன்னார்.

என்னோட ஏழும் பக்கத்து பெட்காரரோட ஏழும் ஒண்ணாயிருமா?

ஆகாது, ஆக வேண்டிய தேவையும் இல்லை. உங்கள் ஏழை அவருடைய ஏழோடு யாரும் ஒப்பிடுவதில்லை. சிகிச்சைக்கு முன் நீங்கள் சொன்ன எண்ணோடு பின் நீங்கள் சொல்லும் எண்ணைத்தான் ஒப்பிடுகிறார்கள். யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்வதால், பொறுத்துக்கொண்டு குறைத்துச் சொல்கிறவர்களும் கூட்டிச் சொல்கிறவர்களும் இரண்டு குழுக்களிலும் ஏறக்குறைய சமமாகவே பரவிவிடுவார்கள்.

எங்க அம்மா குடைச்சல்ங்கறாங்க, நான் எரிச்சல்ங்கறேன். எல்லாம் வலிதானே, ஒரே மாத்திரை போதாதா?

போதாது என்பதுதான் கடந்த அரை நூற்றாண்டு ஆய்வுகளின் முக்கியமான பாடம். காயம், வீக்கம், தேய்மானம் ஆகியவற்றால் திசுவில் பிறக்கும் வலி ஒரு வகை. நரம்பே பழுதடைந்து அதிலிருந்து எழும் வலி இன்னொரு வகை; சர்க்கரை நோயாளியின் கால் எரிச்சலும் அக்கி வந்து ஆறிய இடத்தில் தங்கிவிடும் வலியும் இதில் அடங்கும். திசுவிலும் நரம்பிலும் வெளிப்படையான பழுது இல்லாமல், வலியைக் கையாளும் அமைப்பே மிகைக் கூர்மை அடைந்துவிடும் நிலை மூன்றாவது. உடலெங்கும் வலி நீடிக்கும் ஃபைப்ரோமயால்ஜியா இதற்கு எடுத்துக்காட்டு. ஒரே ஆளிடம் இரண்டு வகை கலந்திருப்பதும் உண்டு.

நோயாளி பயன்படுத்தும் சொல்லே இந்த வகைகளைப் பிரித்தறியும் முதல் தடயம். கனடாவில் ரொனால்டு மெல்ஸாக் 1975-இல் வெளியிட்ட மெக்கில் வலி வினாப்பட்டியல், வலியைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களைத் திரட்டி வகைப்படுத்தி உருவாக்கப்பட்டது. தமிழில் இந்தச் செல்வம் குறைந்ததன்று: குத்தல், குடைச்சல், உளைச்சல், கடுகடுப்பு, சுருக்கென்று தைத்தல், விண்விண்ணென்று தெறித்தல், மதமதப்பு, இழுத்துப் பிடித்தல். எரிச்சலும் மதமதப்பும் ஊசி குத்துவது போன்ற உணர்வும் சேர்ந்து வந்தால் நரம்பு வலியாக இருக்கலாமோ என்று மருத்துவர் யோசிக்கத் தொடங்குவார். மொழிபெயர்ப்பாளர்கள் இவ்வளவையும் ‘வலி’ என்ற ஒரே சொல்லில் அடைத்துவிடுவது எனக்கு நெடுநாள் வருத்தம்.

ஒரு மருந்து வேலை செய்யுதுன்னு எப்ப ஒத்துக்குவீங்க? ஒரு புள்ளி குறைஞ்சாப் போதுமா?

ஒரு புள்ளிக் குறைவு கணக்கில் தேறலாம், நோயாளிக்குத் தேறாது. பல ஆய்வுகளின் தரவுகளை ஒன்றாக வைத்துப் பார்த்து 2001-இல் வெளியான ஒரு பகுப்பாய்வு, பத்தில் இரண்டு புள்ளியோ, தொடக்க அளவில் 30 விழுக்காடோ குறையும்போதுதான் மக்கள் "பரவாயில்லை, நன்றாகவே குறைந்திருக்கிறது" என்று சொல்கிறார்கள் என்று காட்டியது. பாதிக்குப் பாதி, அதாவது 50 விழுக்காடு குறைவதைப் பெரிய பலனாகக் கொள்வார்கள்.

குழுவின் சராசரியை மட்டும் பார்ப்பது ஏமாற்றும். பத்துப் பேரில் மூவருக்கு ஐந்து புள்ளி குறைந்து ஏழு பேருக்கு ஒன்றுமே குறையாவிட்டால், சராசரிக் குறைவு ஒன்றரைப் புள்ளி. ஆனால் அந்தப் பத்துப் பேரில் ஒருவருக்குக்கூட ஒன்றரைப் புள்ளி குறையவில்லை. அதனால்தான் எத்தனை பேருக்கு மருந்து கொடுத்தால், மருந்துப்போலியில் (மருந்தே இல்லாத, பார்வைக்கு மட்டும் மருந்துபோல இருக்கும் மாத்திரையில்) கிடைப்பதற்கு மேல், கூடுதலாக ஒருவருக்குப் பெரிய பலன் கிடைக்கிறது என்று கணக்கிடுகிறார்கள். இந்த எண் சிறியதாக இருக்க இருக்க நல்லது. அறுவைக்குப் பிந்தைய கடும் வலியில், ஒரே ஒரு வேளை மருந்துக்கு, ஐபுப்ரோஃபன் 400 மி.கிராமுக்கு இது சுமார் 2.5, பாரசிட்டமால் 1000 மி.கிராமுக்கு சுமார் 3.6, ஐபுப்ரோஃபன் 200 உடன் பாரசிட்டமால் 500 சேர்ந்தால் சுமார் 1.6; கோடீன் 60 மி.கி. தனியாக என்றால் சுமார் 12. பெயரைக் கேட்டாலே அஞ்சும் கோடீன் இந்த வரிசையில் கடைசியில் நிற்பதைப் பார்த்து வியக்காதவர் குறைவு.

பாரசிட்டமால் அவ்வளவு நல்லதுன்னா இடுப்பு வலிக்கும் அதையே போடலாமே?

மேலே சொன்ன எண்கள் பெரும்பாலும் கடைவாய்ப் பல் பிடுங்கியவர்களிடமிருந்து கிடைத்தவை. ஆரோக்கியமான இளைஞர்கள், ஒரே மாதிரி காயம், சில மணி நேரம் நீடிக்கும் வலி என்பதால் ஆய்வுக்கு அது வசதியான களம். அங்கே கிடைத்த வெற்றி வேறு வலிக்குச் செல்லுபடியாகும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஆஸ்திரேலியாவில் திடீர் இடுப்பு வலியோடு வந்த 1,652 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வு 2014-இல் வெளியானது. ஒரு குழுவுக்குப் பாரசிட்டமாலைத் தவறாமல் வேளாவேளைக்கும், இரண்டாவது குழுவுக்குத் தேவைப்படும்போது மட்டும், மூன்றாவது குழுவுக்கு மருந்துப்போலியையும் கொடுத்தார்கள். குணமாக எடுத்த நாட்களின் இடைநிலை அளவு (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்) முறையே 17, 17, 16. பாரசிட்டமால் மோசமான மருந்து என்று இதற்குப் பொருளில்லை. திடீர் இடுப்பு வலி குணமாவதை அது விரைவுபடுத்தவில்லை என்பதே பொருள்.

வலியில துடிக்கிறவங்களுக்கு வெறும் மாவு மாத்திரையைக் கொடுக்கறது பாவமில்லையா?

இந்தக் கேள்வியை யாரும் கேட்காத நாள் இல்லை, கேட்கவும் வேண்டும். முதலாவது, அது ஏமாற்றாகாது. மருந்துப்போலி கிடைக்க வாய்ப்புண்டு என்பதும், அந்த வாய்ப்பு இரண்டில் ஒன்றா மூன்றில் ஒன்றா என்பதும் ஒப்புதல் படிவத்திலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். இரண்டாவது, வலி தாங்க முடியாமல் போனால் எடுத்துக்கொள்ள ஒரு மாற்று மாத்திரை கையிலேயே தரப்படும். அதை எத்தனை முறை எடுத்தீர்கள் என்பதும் ஆய்வின் ஒரு முடிவாகவே எண்ணப்படும். எடுத்துவிட்டு மறைக்க வேண்டியதில்லை.

மருந்துப்போலிக் குழு இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதையும் பார்க்க வேண்டும். மூட்டு வலியும் இடுப்பு வலியும் அலைபோல ஏறி இறங்குபவை; மக்கள் மருத்துவரைத் தேடி வருவது அலை உச்சத்தில் இருக்கும்போது. உச்சத்தில் இருந்தது எப்படியும் இறங்கும். அந்த நேரத்தில் எதைக் கொடுத்தாலும், சுக்குக் கஷாயமானாலும் ஊசியானாலும், பெயர் அதற்குப் போய்விடும். இரண்டு குழுக்களிலும் இந்த இறக்கம் சமமாக இருக்கும் என்பதால், அதைக் கழித்துவிட்டு மிஞ்சுவதைத்தான் மருந்தின் பலன் என்கிறோம்.

மாவு மாத்திரையில வலி குறைஞ்சுதுன்னா அவருக்கு நிஜமா வலியே இல்லைன்னுதானே அர்த்தம்?

இல்லை. இந்த எண்ணத்தை அசைத்த ஆய்வு 1978-இல் அமெரிக்காவில் வெளியானது. பல் பிடுங்கியவர்களுக்கு மருந்துப்போலியால் கிடைத்த ஆறுதலை, மார்பின் போன்ற பொருட்களின் வேலையைத் தடுக்கும் நலாக்சோன் என்ற மருந்து குறைத்துவிட்டதை லெவின், கோர்டன், ஃபீல்ட்ஸ் ஆகிய மூவர் காட்டினார்கள். மருந்து கிடைத்துவிட்டது என்ற எதிர்பார்ப்பில் உடலே தன் வலிநிவாரணிகளைச் சுரக்கிறது என்ற விளக்கத்துக்கு அதுவே முதல் வலுவான சான்று. இன்னும் விந்தையாக, "இது மருந்துப்போலிதான்" என்று வெளிப்படையாகச் சொல்லிக் கொடுத்த மாத்திரைகூட நாட்பட்ட இடுப்பு வலியை ஓரளவு குறைத்ததாக லிஸ்பனில் நடந்த, 2016-இல் வெளியான ஆய்வு கூறுகிறது. வழக்கமான சிகிச்சையோடு மூன்று வாரம் மட்டுமே நடந்த சிறிய ஆய்வு அது. அதற்கு மேல் அதன்மீது பாரம் ஏற்ற மாட்டேன்.

மருந்துப்போலிக் குழு சில சமயம் முந்தியும் விடுகிறது. 8 முதல் 17 வயதுள்ளவர்களின் ஒற்றைத் தலைவலித் தடுப்புக்காக அமெரிக்காவில் நடந்து 2017-இல் வெளியான ஆய்வில், தலைவலி நாட்கள் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்தவர்கள் அமிட்ரிப்டிலின் குழுவில் 52 விழுக்காடு, டோபிரமேட் குழுவில் 55 விழுக்காடு, மருந்துப்போலிக் குழுவில் 61 விழுக்காடு. பக்கவிளைவு மட்டும் மருந்துக் குழுக்களில் கூடுதலாக இருந்தது. ஆய்வைத் தொடர்வதில் பயனில்லை என்று முன்கூட்டியே நிறுத்தினார்கள்.

எனக்கு வாய் உலரலை, தலை சுத்தலை. அப்ப எனக்கு வந்தது டம்மிதான்னு கண்டுபிடிச்சிட்டேன். சரியா?

சரியாகவும் இருக்கலாம், தவறாகவும் இருக்கலாம். ஆனால் நீங்கள் தொட்டிருப்பது இந்தத் துறையின் புண்பட்ட இடத்தை. நரம்பு வலிக்குத் தரும் மருந்துகளில் அமிட்ரிப்டிலின் வாயை உலர்த்தும், பிரிகாபலின் தலையைச் சுற்ற வைக்கும். மருந்து கிடைத்துவிட்டது என்று இவற்றால் ஊகித்தவர், அந்த நம்பிக்கையிலேயே குறைந்த எண்ணைச் சொல்லக்கூடும். அப்போது முந்தைய பதிலில் சொன்ன கழித்தல் கணக்கு மருந்துக்குச் சாதகமாகச் சாய்ந்துவிடும்.

இதற்காகச் சிலர் லேசான மயக்கம் தரும், ஆனால் அந்த வலியைக் குறைக்காத வேறு மருந்தையே போலியாகக் கொடுப்பார்கள். மார்பினையும் கேபபென்டின் என்ற நரம்பு வலி மருந்தையும் தனித்தனியாகவும் சேர்த்தும் ஒப்பிட்டு 2005-இல் வெளியான கனடிய ஆய்வில் லோராசிபாம் அப்படிப் பயன்பட்டது. செலவும் சிக்கலும் கூடுதல் என்பதால் எல்லோரும் இதைச் செய்வதில்லை. உங்கள் ஊகத்தை மட்டும் தயவுசெய்து காத்திருப்பு அறையில் உரக்கச் சொல்லாதீர்கள்.

ஆபரேஷனுக்கும் இப்படி டம்மி பண்ணிப் பார்ப்பாங்களா?

பார்த்திருக்கிறார்கள். மூட்டுத் தேய்மானம் உள்ள 180 பேரிடம் அமெரிக்காவின் ஹூஸ்டனில் ஓர் ஆய்வு நடந்து 2002-இல் வெளியானது. ஒரு குழுவுக்கு முழங்காலுக்குள் குழாய்க் கருவியை விட்டுச் சுரண்டிச் சுத்தம் செய்தார்கள். இன்னொரு குழுவுக்குக் கழுவி மட்டும் விட்டார்கள். மூன்றாவது குழுவுக்குத் தோலில் கீறித் தையல் போட்டதோடு சரி. இரண்டு ஆண்டுகள் கவனித்தும் முதலிரண்டு குழுக்களின் வலி மூன்றாவது குழுவைவிடக் குறையவில்லை. தேய்ந்து கிழிந்த மூட்டுச் சவ்வை வெட்டியெடுப்பதைப் பற்றிப் பின்லாந்தில் 146 பேரிடம் நடந்து 2013-இல் வெளியான ஆய்விலும், ஓராண்டு முடிவில் உண்மை அறுவையும் போலி அறுவையும் ஒரே நிலையில் நின்றன. விளையாட்டில் அடிபட்டுக் கிழிந்த சவ்வுக்கோ, மூட்டு மாற்று அறுவைக்கோ இந்த முடிவுகள் பொருந்தா.

சர்க்கரையால கால் எரிச்சல். ஒவ்வொரு டாக்டரும் ஒவ்வொண்ணு எழுதறாங்க. எதுதான் நல்லது?

அவர்கள் வெவ்வேறாக எழுதுவதில் தவறில்லை. அமிட்ரிப்டிலின், டுலாக்செட்டின், பிரிகாபலின் ஆகிய மூன்றில் எதை முதலில் தொடங்குவது என்று பிரிட்டனில் 130 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2022-இல் வெளியானது. ஒருவருக்கே மூன்று வரிசைகளையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கொடுத்துப் பார்த்தார்கள். முதல் 6 வாரம் ஒரே மருந்து, அது போதாவிட்டால் இரண்டாவது மருந்தையும் சேர்த்து மொத்தம் 16 வாரம். எந்த மருந்தில் தொடங்கினாலும் வலி ஏறத்தாழ ஒரே அளவுதான் குறைந்தது. போதாதவர்களுக்கு இரண்டாவது மருந்தைச் சேர்த்தபோது மேலும் குறைந்தது. ஆகவே இதய நோய் இருக்கிறதா, தூக்கம் வருகிறதா, வாகனம் ஓட்டுகிறவரா, மாதச் செலவு எவ்வளவு என்பவையே தேர்வை முடிவு செய்கின்றன.

இதே பிரிகாபலினை, இடுப்பிலிருந்து கால்வரை இழுக்கும் சயாட்டிகா வலிக்கும் பலர் எழுதுகிறார்கள். அதுவும் நரம்பு வலிதானே என்பது காரணம். ஆஸ்திரேலியாவில் 209 பேரிடம் நடத்தி 2017-இல் வெளியிட்ட ஆய்வில் அது மருந்துப்போலியைவிடக் கால் வலியைக் குறைக்கவில்லை, தலைச்சுற்றலைத்தான் கூட்டியது. ஒரு நோயின் நரம்பு வலிக்குப் பலித்தது இன்னொரு நோயின் நரம்பு வலிக்குப் பலிக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை.

மார்பின் கொடுத்தா அடிமையாயிருவாங்கன்னு பயமா இருக்கு. கேன்சருக்கு மட்டும் ஏன் தாராளமாக் கொடுக்கறாங்க?

இரண்டும் வேறு வேறு வலிகள், ஆய்வுச் சான்றுகளும் வேறு வேறு. நாட்பட்ட இடுப்பு வலியோ இடுப்பு மூட்டு, முழங்கால் தேய்மானமோ உள்ள 240 பேரை ஓராண்டு கவனித்து அமெரிக்காவில் 2018-இல் வெளியான ஆய்வில், மார்பின் குடும்ப மருந்துகளை எடுத்தவர்களின் அன்றாடச் செயல்பாடு, அந்தக் குடும்பம் சாராத வலி மருந்துகளை எடுத்தவர்களைவிட மேம்படவில்லை. வலி எண் மற்ற மருந்துக் குழுவிலேயே சற்றுக் குறைவாக இருந்தது. திடீர் இடுப்பு, கழுத்து வலிக்கு ஆக்சிகோடோன் தந்து பார்த்து 2023-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்விலும் 6 வார முடிவில் மருந்துப்போலியைவிடப் பலன் இல்லை. அங்கெல்லாம் அஞ்சுவது நியாயம்.

புற்றுநோய் வலியில் நிலைமை தலைகீழ். வலியின் கடுமைக்கேற்ப மருந்தைப் படிப்படியாக வலுவாக்க உலக சுகாதார நிறுவனம் 1986-இல் வகுத்த படிக்கட்டு முறையில் மார்பின் மேல் படியில் இருந்தது. மிதமான வலி உள்ள 240 புற்றுநோயாளிகளிடம் இத்தாலியில் நடத்தி 2016-இல் வெளியிட்ட ஆய்வு, இடைப்பட்ட படியைத் தாண்டிக் குறைந்த அளவு மார்பினை நேரடியாகத் தொடங்கியவர்களுக்கே விரைவாகவும் அதிகமாகவும் வலி குறைந்ததைக் காட்டியது. நம் நாட்டில் தடை வேறிடத்தில் இருந்தது: 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கெடுபிடிகளால் மருத்துவமனைகள் மார்பினை வைத்திருக்கவே தயங்கின. 2014-இல் சட்டம் திருத்தப்பட்டது. அப்படியிருந்தும், "அதைக் கொடுத்தா முடிஞ்சுதுன்னு அர்த்தம்" என்று நோயாளியின் காதுபடச் சொல்லும் உறவினர்களை இன்றும் பார்க்கிறேன்.

சிக்குன்குனியா வந்து எட்டு மாசமா மூட்டு வலி. மலேரியா மாத்திரை கேட்கும்னாங்களே?

குளோரோகுயின் முடக்குவாதக் குடும்ப நோய்களில் பயன்பட்டதால் இங்கும் உதவும் என்ற எதிர்பார்ப்பு எழுந்தது. இந்தியப் பெருங்கடலில் உள்ள ரியூனியன் தீவில் நோய் பரவியபோது நடந்த சிறிய ஆய்வில், தொடக்கக் காய்ச்சலின்போதே குளோரோகுயின் பெற்றவர்கள் 200-ஆம் நாளில் மருந்துப்போலி பெற்றவர்களைவிட அதிகமாகவே மூட்டு வலி இருப்பதாகச் சொன்னார்கள். பின்னர் இந்தியாவில் மெலாக்சிகாம் என்ற வழக்கமான வலி மருந்தோடு ஒப்பிட்டபோதும் குளோரோகுயின் முந்தவில்லை. நீடிக்கும் வலிக்கு உரிய மருத்துவர் மூட்டு வாத நிபுணர்.

ஆய்வெல்லாம் பன்னெண்டு வாரம்தான். எனக்குப் பத்து வருஷமா வலி. அது எனக்கு எப்படிப் பொருந்தும்?

முழுதாகப் பொருந்தாது. சிறுநீரகக் கோளாறு, மனச்சோர்வு, வேறு பல மருந்துகள், கூடிய வயது ஆகியவை உள்ளவர்களைப் பல ஆய்வுகள் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுகின்றன. நாட்பட்ட வலிக்காரர்களோ பெரும்பாலும் அப்படிப்பட்டவர்கள்தாம். சில ஆய்வுகளில் எல்லோருக்கும் முதலில் மருந்தைக் கொடுத்து, பலன் கண்டவர்களை மட்டும் வைத்துக்கொண்டு, அவர்களில் பாதிப் பேரை மருந்துப்போலிக்கு மாற்றிப் பார்ப்பார்கள். அத்தகைய ஆய்வின் முடிவைப் படிக்கும்போது, வடிகட்டியபின் மிஞ்சியவர்களின் கணக்கு அது என்பதை மறக்கக் கூடாது.

இதைவிட நுட்பமான சிக்கல், நடுவில் விலகுகிறவர்களை எப்படி எண்ணுவது என்பது. வலி 8 இருந்தவருக்கு மூன்றாவது வாரம் 4 ஆகக் குறைந்தது, ஆனால் தலைச்சுற்றல் தாங்காமல் மருந்தை விட்டுவிட்டார் என்று வையுங்கள். கடைசியாகச் சொன்ன 4-ஐயே பன்னிரண்டாம் வாரம் வரை நீட்டி எழுதினால் மருந்து வென்றதாகத் தெரியும். விழுங்க முடியாத மருந்தால் ஆறுதல் ஏது என்று அவரை 8-க்கே திருப்பிக் கணக்கிட்டால் பலன் சுருங்கிவிடும். முந்தைய முறை நீண்ட காலம் வழக்கில் இருந்தது. பழைய ஆய்வுகளின் பொலிவில் ஒரு பங்கு அதனால் வந்தது.

பேசத் தெரியாத குழந்தைக்கு, நினைவு தப்பின பெரியவங்களுக்கு எப்படி எண் கேட்பீங்க?

கேட்க முடியாது; முகச்சுளிப்பு, கால்களின் அசைவு, அழுகை, தேற்றினால் அடங்குகிறதா என்பவற்றைப் பார்த்து மற்றவர் மதிப்பெண் இடும் அளவுகோல்கள் உள்ளன. முதல் பதிலில் சொன்ன வாய்ச்சொல் அளவுகோலை இவற்றோடு கலந்துவிடக் கூடாது.

வாய்ச்சொல் இல்லாததால் வலியே இல்லை என்று கருதிய காலம் வெகு தொலைவில் இல்லை. பச்சிளங்குழந்தைகளுக்குப் போதிய வலிநீக்கம் இல்லாமலே அறுவை செய்வது 1980-கள் வரை பல நாடுகளில் வழக்கமாக இருந்தது. குறைமாதக் குழந்தைகளுக்கு இதயத்தை ஒட்டிய இரத்தக்குழாயை மூடும் அறுவையின்போது ஃபென்டனில் கொடுத்தும் கொடுக்காமலும் ஒப்பிட்டு, ஆக்ஸ்ஃபோர்டில் கே. ஜே. எஸ். ஆனந்தும் சகாக்களும் 1987-இல் வெளியிட்ட ஆய்வு, மருந்து பெற்ற குழந்தைகளின் உடலில் அதிர்ச்சிக்கான ஹார்மோன் மாற்றங்கள் மிகக் குறைவாக இருந்ததையும் அறுவைக்குப் பிந்தைய சிக்கல்கள் குறைந்ததையும் காட்டியது. எண்ணே கேட்காமல் உலகெங்கும் மருத்துவ நடைமுறையை மாற்றிய வலி ஆய்வு அது.

ஒரு வருஷம் நல்லதுங்கறாங்க, அடுத்த வருஷம் அதையே நிறுத்தறாங்க. எதை நம்பறது?

காரணங்கள் பல, எல்லாமே வஞ்சகம் அன்று. அரிவாள் அணு இரத்தசோகையில் அடிக்கடி வரும் கடும் வலித் தாக்குதல்களுக்கு கிரிசான்லிசுமாப் என்ற ஊசி மருந்து, 2017-இல் வெளியான ஆய்வில் நன்றாகவே வேலை செய்தது: தாக்குதல்களின் இடைநிலை அளவு மருந்துப்போலிக் குழுவில் ஆண்டுக்கு 2.98, மருந்துக் குழுவில் 1.63. அடுத்து நடந்த உறுதிப்படுத்தும் ஆய்வில் மருந்துப்போலியோடு வேறுபாடு தெரியவில்லை. 2023-இல் ஐரோப்பாவில் அனுமதி ரத்தானது. நீலகிரிப் பழங்குடியினரிடம் இந்த நோயின் கூறு 1952-இலேயே கண்டறியப்பட்டது என்பதால் நமக்கும் இது தொலைவான செய்தி அன்று. ரோஃபெகாக்சிப் கதை வேறு மாதிரி: வலியைக் குறைத்தது உண்மை, ஆனால் குடல் கட்டித் தடுப்புக்காக நடந்த நீண்ட ஆய்வில் மாரடைப்பும் பக்கவாதமும் கூடியது தெரிந்து, 2004 செப்டம்பரில் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது.

வஞ்சகமும் உண்டு. அறுவைக்குப் பிந்தைய வலி பற்றி எழுதிய அமெரிக்க மயக்கவியல் நிபுணர் ஸ்காட் ரூபனின் 21 கட்டுரைகள் புனைவுத் தரவுகளைக் கொண்டவை என்று 2009-இல் வெளிப்பட்டது. அதே ஆண்டு இன்னொரு ஆய்வுக் குழு, கேபபென்டின் பற்றி வெளியான 12 ஆய்வறிக்கைகளை, நீதிமன்ற வழக்கால் வெளிவந்த நிறுவன ஆவணங்களோடு ஒப்பிட்டது. அவற்றில் 8-இல், ஆய்வு தொடங்கும்போது இதைத்தான் அளப்போம் என்று எழுதி வைத்த முதன்மை முடிவும் அச்சில் வந்த முதன்மை முடிவும் வேறாக இருந்தன. அம்பு தைத்த இடத்தைச் சுற்றி வட்டம் போடும் வேலை இது. பொதுப் பதிவேட்டில் முன்கூட்டியே பதியச் சொல்வது இதைத் தடுக்கத்தான்.

இவ்வளவு ஆய்வு நடந்தும் புதுசா வலி மருந்தே வரலையே?

வருகிறது, மெதுவாக. நரம்பு வளர்ச்சிப் புரதத்தைத் தடுக்கும் டானிசுமாப் மூட்டுத் தேய்மான வலியைக் குறைத்தது. ஆனால் சிலருக்கு மூட்டே விரைவாகச் சிதைந்தது. 2021-இல் அமெரிக்க ஆலோசனைக் குழு 19-க்கு 1 என்று அதற்கு எதிராக வாக்களித்தது. வலியைக் கடத்தும் நரம்புகளில் உள்ள ஒரு சோடியம் வாயிலை மட்டும் அடைக்கும் சுசெட்ரிஜின், 2025 ஜனவரியில் அமெரிக்காவில் குறுகிய கால வலிக்கு அனுமதி பெற்றது. வயிற்றுத் தோல் அறுவை, கால் பெருவிரல் எலும்பு அறுவை ஆகியவற்றுக்குப் பின் அது மருந்துப்போலியை வென்றது. மார்பின் குடும்பத்தைச் சேர்ந்த பழைய கூட்டு மருந்தை வெல்லவில்லை. சயாட்டிகாவில் நடந்த இடைக்கட்ட ஆய்விலோ மருந்திலும் மருந்துப்போலியிலும் வலி ஏறத்தாழ இரண்டிரண்டு புள்ளிதான் குறைந்தது. மேலே விவரித்த மருந்துப்போலிக் கணக்கு எவ்வளவு பெரிய சுவர் என்பதற்கு இதைவிடத் தெளிவான காட்சியை நான் பார்த்ததில்லை.

ஆய்வுல சேரச் சொல்றாங்க. சேரலாமா, வேணாமா?

அதை நான் சொல்லக் கூடாது. கேட்க வேண்டியவற்றைச் சொல்லலாம். இந்தியாவில் மருத்துவ ஆய்வுப் பதிவேடு 2007-இல் தொடங்கியது. 2009 ஜூன் முதல் மருந்துச் சோதனைகளை அதில் முன்பதிவு செய்வது கட்டாயமானது. அதன் ஆங்கிலச் சுருக்கமான சி.டி.ஆர்.ஐ. என்று தொடங்கும் பதிவு எண்ணைக் கேளுங்கள். எதோடு ஒப்பிடுகிறார்கள், வலி கூடினால் என்ன தருவார்கள், ஆய்வு முடிந்தபின் பலன் தந்த மருந்து தொடர்ந்து கிடைக்குமா என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்குத்தான் பெரும்பாலும் பதில் தயங்கி வரும்.

ஆய்வால் உடலுக்குத் தீங்கு நேர்ந்தால் மருத்துவச் செலவும் இழப்பீடும் தர வேண்டும் என்று 2019-ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. முறையான சிகிச்சை இருக்கும்போது அதை நிறுத்திவைத்து மருந்துப்போலி கொடுத்ததால் நேர்ந்த தீங்கும் இதில் அடங்கும். எந்த நாளிலும் காரணம் சொல்லாமல் விலகலாம். அதனால் உங்கள் வழக்கமான சிகிச்சை பாதிக்கப்படக் கூடாது. படிவத்தின் தமிழ் புரியவில்லையென்றால் கையெழுத்துப் போடாதீர்கள். "யாதொரு பாதக நிகழ்வின் தொடர்பிலும்" என்று தொடங்கி அரைப் பக்கம் ஓடும் வாக்கியம் உங்களுக்குப் புரியாதது உங்கள் குறையன்று; எனக்கே சில நேரம் இரண்டு முறை படிக்க வேண்டியிருக்கிறது.

சராசரியாப் பலனில்லைன்னு ஆய்வு சொல்லுது. ஆனா எனக்குக் கேட்குதே? நிறுத்திடணுமா?

சராசரி பற்றிய பதிலில் சொன்னதுபோல், பத்துப் பேரில் பலன் கண்ட அந்த மூவரில் ஒருவராக நீங்கள் இருக்கலாம். அலை இறங்கும் நேரத்தில் மருந்தைத் தொடங்கியவராகவும் இருக்கலாம். இரண்டையும் பிரித்துப் பார்க்க, ஒரே ஒரு நோயாளியை வைத்து நடத்தும் ஆய்வு முறை உண்டு: மருந்தும் மருந்துப்போலியும் ஒரே தோற்றத்தில் அடைக்கப்பட்டு, சில வாரங்களுக்கு ஒருமுறை மாற்றி மாற்றிப் பலமுறை தரப்படும், எது எப்போது என்பது உங்களுக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. நிலையாக நீடிக்கும் வலிக்கும் விரைவில் வேலை செய்து விரைவில் விலகும் மருந்துக்கும் மட்டுமே இது சரிப்படும். தானாக ஆறிவிடும் வலிக்கும் அறுவைக்கும் உதவாது.

இந்த வசதி கிடைக்கும் இடங்கள் மிகக் குறைவு. கிடைக்காதவர்கள் தேதி, வலி எண், அன்று எவ்வளவு தூரம் நடந்தீர்கள், எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள் என்று ஒரு குறிப்பேட்டில் எழுதி மருத்துவரிடம் காட்டினால், மருந்தைக் குறைத்துப் பார்ப்பதா தொடர்வதா என்று அவர் முடிவு செய்ய அது உதவும். பிரிகாபலின், அமிட்ரிப்டிலின், டுலாக்செட்டின், மார்பின் குடும்ப மருந்துகள் ஆகியவற்றை நாட்கணக்கில் எடுத்தபின் சட்டென்று நிறுத்தினால் தூக்கமின்மை, குமட்டல், பதற்றம் போன்றவை வரக்கூடும். நிறுத்துவதானாலும் மருத்துவர் சொல்லும் அளவில், படிப்படியாகத்தான் நிறுத்த வேண்டும்.